வாசகர் கேள்வி – பதில்: வேட்பாளர் பட்டியலை எழுதுவது யார்?

இம்முறை வந்த கடிதங்களுள் கணிசமானவை, ஜனநாயகம் என்றால் என்ன, அதன் பெயரால் உண்மையில் நம் இலங்கை நாட்டை நடத்துவோர் யார் என்ற விடயத்தையே தொட்டிருந்தன. ஆகவே வேறு கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இடம் கருதிச் சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: தந்தைக்குப் பின் மகன், மாமனுக்குப் பின் மருமகன், கணவருக்குப் பின் மனைவி, அண்ணனுக்குப் பின் தம்பி என்றே இந்த நாடு ஆளப்பட்டு வந்தது. இதை ஜனநாயகம் என்று அழைப்பது பொருந்துமா? – வாசகர், வெள்ளவத்தை

தாங்கள் சொல்லும் வரிசை உண்மையானது. முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க 1952இல் இறந்ததும் அவருடைய மகன் டட்லி அப்பதவிக்கு வந்தார். 1953 ஹர்த்தாலுக்குப் பின் அவர் விலக, உறவினரான ஜோன் கொத்தலாவல வந்தார். 1956இல் அந்த வட்டத்தை எதிர்த்து வென்ற பண்டாரநாயக்கவும் குடியேற்ற ஆட்சியில் மகா முதலியாராக இருந்தவரின் மகனே. அவருக்குப் பின் மனைவி சிறிமாவோ 1960இலும், மகள் சந்திரிகா 1994இலும் ஆட்சிக்கு வந்தார்கள். ஜே. ஆர். ஜயவர்தனவின் மருமகன் முறையினரான ரணில் விக்கிரமசிங்க ஆறு தடவை பிரதமராகி, இறுதியில் ஜனாதிபதியும் ஆனார். ராஜபக்ச சகோதரர்களைப் பற்றி நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆயினும் "பொருந்துமா" என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் தர நான் விரும்பவில்லை. ஜனநாயகத்துக்கு அறிஞர்கள் தரும் பொருள் ஒன்றல்ல. ஒஸ்திரியப் பொருளியலாளர் ஷும்பீட்டர் 1942இல் முன்வைத்த விளக்கம் மிகவும் சிக்கனமானது. தலைமைக்குப் போட்டியிடும் குழுக்கள் மக்களின் வாக்குக்காக மோதுகின்றன, வென்றவர் ஆளுகிறார், மக்களின் வேலை அவரைத் தேர்வதோடு முடிகிறது என்பதே அது. அந்த அளவுகோலால் பார்த்தால் இலங்கை நல்ல மதிப்பெண் பெறும். 1956, 1960, 1965, 1970, 1977 என்று அடுத்தடுத்து மக்கள் தங்கள் வாக்கால் ஆட்சியை மாற்றினார்கள். தோற்றவர்களும் பதவியை விட்டு இறங்கினார்கள். அக்காலத்தில் விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றில் இது நடக்கவில்லை. இதனைச் சிறுமைப்படுத்துவது நம் பெற்றோரும் பாட்டன்மாரும் வரிசையில் நின்று அளித்த வாக்குகளுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

மற்றைய பொருள் இன்னும் கடினமானது. தங்கள் வாழ்க்கையைப் பாதிக்கும் முடிவுகளில் எல்லாக் குடிமக்களுக்கும் ஏறத்தாழச் சமமான பங்கு இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. இந்த அளவுகோலை எடுத்தால், வாக்களிக்கும் நாளுக்கு முன்னரே நடந்து முடியும் ஒரு தேர்வு நம் கண்ணில் படுகிறது. அதுதான் வேட்பாளர் பட்டியல். நம் நாட்டுக் கட்சிகளில் பட்டியலில் யார் பெயர் வரும் என்பதைப் பெரும்பாலும் தலைவரும் அவரைச் சூழ்ந்த சிலருமே முடிவு செய்கிறார்கள். தொகுதியில் உள்ள சாதாரண உறுப்பினருக்கு அதில் வாக்கு இல்லை. 1978 அரசியல் யாப்புக்குப் பின் மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் களமாகி, 1989 முதல் கட்சிப் பட்டியலில் உள்ளவர்களின் இலக்கத்துக்கு அளிக்கும் விருப்பு வாக்கும் வந்தபோது இந்த நிலை மேலும் இறுகியது. கொழும்பு மாவட்டத்தில் 17 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அனைவருக்கும் தன் பெயரையும் இலக்கத்தையும் அறிமுகப்படுத்த ஒரு புதிய வேட்பாளருக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். தேர்தல் செலவுக்கு இப்போதுள்ள கட்டுப்பாடு 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் வந்தது. அதற்கு முன்னர் பல தசாப்தங்களாக விகிதாசாரத் தேர்தல்கள் உச்சவரம்பில்லாமலே நடந்தன. பணம் படைத்தவரும், ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த குடும்பப் பெயரைச் சுமந்தவரும் முந்திக்கொள்வது இந்த ஏற்பாட்டின் இயல்பான விளைவு. மக்கள் வாரிசுகளை விரும்புகிறார்கள் என்ற பழியை வாக்காளர் மீது மட்டும் சுமத்துவதை நான் ஏற்பதில்லை. அவர்கள் முன் வைக்கப்பட்ட பட்டியலிலிருந்துதான் அவர்கள் தெரிவு செய்தார்கள்.

கேள்வி: 1931இல் ஆசியாவிலேயே முதன்முதலாகச் சர்வசன வாக்குரிமை பெற்ற நாடு நம்முடையது என்று பாடசாலையில் படித்தோம். அது நம் தேசியத் தலைவர்கள் போராடிப் பெற்றுத் தந்ததா? – வாசகி, கொட்டாஞ்சேனை

பெரும்பாலும் இல்லை. இதைச் சொல்வது பல வீடுகளில் மாட்டியிருக்கும் படங்களுக்கு மாலை போடும் வழக்கத்துக்கு எதிராக இருக்கலாம். ஆனால் ஆளும் வட்டத்தின் இயல்பை அறிய இதைவிடச் சிறந்த பாடம் நம் வரலாற்றில் வேறில்லை.

1911ஆம் ஆண்டின் இறுதியில் "படித்த இலங்கையருக்கான" ஒரே ஆசனத்துக்கு நடந்த தேர்தலில் பொன்னம்பலம் இராமநாதன் வென்றபோது, முழுத் தீவிலும் வாக்காளராகப் பதிந்திருந்தோர் சுமார் 3,000 பேரே. 1920களில் வாக்குரிமை விரிந்த பின்னரும், கல்வித் தகுதியும் சொத்து, வருமானத் தகுதிகளும் இருந்தமையால் சனத்தொகையில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே வாக்களிக்க முடிந்தது. யாப்புச் சீர்திருத்தத்தை ஆராயப் பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927இன் இறுதியில் கொழும்புக்கு வந்து சாட்சியம் கேட்டபோது, இலங்கைத் தேசிய காங்கிரஸின் தலைவர்களுள் பெரும்பாலோர் ஏதாவதொரு வருமானத் தகுதியைத் தக்கவைக்கவே விரும்பினார்கள். இராமநாதன் சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தார். சிங்களத் தலைமையும் தமிழ்த் தலைமையும் பலவற்றில் முரண்பட்டாலும், தங்கள் வயலில் வேலை செய்பவனுக்கும் தங்களுக்கும் ஒரே எடையுள்ள வாக்கு என்பதில் அவர்களுக்கு ஒரே அச்சம் இருந்தது.

வாக்குரிமையைக் கேட்டவர்கள் வேறு. கொழும்பின் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் தொழிலாளரை ஒன்றுசேர்த்த ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற் சங்கம் அதைக் கேட்டது. 1927 டிசம்பரில் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம் பெண்களுக்காகக் குரல் கொடுத்தது. ஆணைக்குழு ஆண்களுக்கு 21 வயது, பெண்களுக்கு 30 வயது என்று பரிந்துரைக்க, இறுதியில் இருபாலாருக்கும் 21 என்று ஆனது.

யாழ்ப்பாணத்தில் நடந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டொனமூர் திட்டம் முழுச் சுயாட்சி தரவில்லை என்பதற்காக இளைஞர் காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்க அழைத்தது; குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அந்த இளைஞர்களின் நோக்கம் உயர்ந்தது, அவர்களுள் சாதியொழிப்பை உளமார விரும்பியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் முதன்முறையாக வாக்குப் பெற்ற ஏழை எளியவரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதைப் பயன்படுத்த மேலும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அவர்களிடம் கேட்டு எடுக்கப்பட்ட முடிவு அல்ல அது.

வாக்குரிமை வந்தபின் ஆளும் வட்டம் மாறாமலே இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஏழையின் வாக்குத் தேவைப்பட்டதும் அவனுடைய பிள்ளையின் பள்ளிக்கூடம் அரசியலாயிற்று. கன்னங்கர கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததை இந்தப் பின்னணியிலேயே நான் பார்க்கிறேன். இத்துடன் ஒரு சிறு செய்தி: அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபையின் முதல் பெண் உறுப்பினர் அட்லின் மொலமூரே, தந்தை இறந்த வெற்றிடத்துக்கு ருவன்வெல்லையில் போட்டியிட்டவர். இரண்டாமவர், உங்கள் கொழும்பு வடக்கின் நேசம் சரவணமுத்து. கணவர் ஆசனத்தை இழந்தபின் 1932இல் நின்று வென்றவர். குடும்பச் செல்வாக்கு என்பது சில வேளை, வேறெந்த வழியாலும் திறக்காத கதவையும் திறந்திருக்கிறது.

கேள்வி: என் பாட்டனார் 1947இல் வாக்களித்தார், 1952இல் அவருக்கு வாக்கில்லை. பெரும்பான்மையின் முடிவே ஜனநாயகம் என்றால், அவருடைய வாக்கைப் பறித்ததும் ஜனநாயகமா? – கொழும்பில் தொழில் புரியும் அட்டன் வாசகர்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளுள் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது தங்களுடையதே.

மலையகத்தின் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கு நடந்தவை யாவும் சட்டப்படி நடந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இத்தீவில் பிறந்ததை நிரூபிக்கும்படி கேட்டது. லயன் அறைகளில் பிறந்த தலைமுறைகளுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கிருந்து வரும்? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சிறு வழியைத் திறப்பதுபோல் திறந்து, பெரும்பாலோரின் விண்ணப்பங்களை நிராகரிக்க இடம் கொடுத்தது. அதே 1949இல், பிரசைகளுக்கே வாக்கு என்று தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. மக்கள் தெரிவு செய்த பாராளுமன்றத்தில், பெரும்பான்மை வாக்கால், ஒரு மக்கள் கூட்டம் முழுவதும் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டது. சிறுபான்மையினரைப் பாரபட்சமாக நடத்தும் சட்டங்களைத் தடுக்கவென்று அன்று நடைமுறையிலிருந்த சோல்பரி யாப்பில் இருந்த 29ஆம் பிரிவை நம்பி வழக்குத் தொடுத்தபோது, அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டனின் கோமறைக் கழகம் 1953இல் கோடாக்கன்பிள்ளை வழக்கில், தன் பிரசைகள் யாரென்று தீர்மானிக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு என்று கூறி அதைத் தள்ளிவிட்டது.

ஏன் பறித்தார்கள் என்பதற்கு இனத்தை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மையே. 1947 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 95 ஆசனங்களில் 42 மட்டுமே கிடைத்தன. தோட்டத் தொழிலாளரின் வாக்கு மலையகத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர்களை அனுப்பியதோடு, வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் பலமாக இருந்தது. தோட்ட முதலாளிகளையும் நிலவுடைமையாளரையும் கொண்ட ஓர் ஆளும் வட்டத்துக்கு, ஒன்றுதிரண்ட கூலித் தொழிலாளரின் வாக்கு எத்தகைய அச்சத்தைத் தந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். தமிழரின் பிரதான தலைவராக இருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948இல் அந்த அரசிலேயே அமைச்சராக அமர்ந்தார் என்பதையும், அதை ஏற்க முடியாமல் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தார் என்பதையும் நம் வாசகர்கள் அறிவார்கள். கொழும்பின் தமிழ்க் கனவான்களுக்கும் தங்கள் பாட்டனாருக்கும் மொழி ஒன்றாக இருந்தது. அந்த நாளில் அது போதுமானதாக இருக்கவில்லை.

1964இன் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் பேசப்பட்டது. அவர்களில் ஒருவரிடமும் முன்கூட்டி விருப்பம் கேட்கப்படவில்லை. மலையக மக்களின் வாக்கால் ஒரு பிரதிநிதி மீண்டும் பாராளுமன்றம் சென்றது, 1977இல் தொண்டமான், மூன்று உறுப்பினரைத் தெரியும் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவானபோதுதான். நாடற்றவர் என்ற நிலையைச் சட்டத்தால் முற்றாகத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆகவே தங்கள் கேள்விக்கு என் பதில் இது: அது பெரும்பான்மையின் முடிவு, ஜனநாயகம் அல்ல. பெரும்பான்மை எதையும் முடிவு செய்யலாம், ஆனால் யார் யார் வாக்களிக்கலாம் என்பதைத் தனக்குச் சாதகமாக வெட்டிக் குறுக்கும் உரிமை அதற்கு இருக்க முடியாது. அந்த உரிமையை ஒப்புக்கொண்டால், ஒவ்வொரு தேர்தலும் அடுத்த தேர்தலின் வாக்காளரைக் குறைக்கும் கருவியாகிவிடும். 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு ஒன்றை நடத்தி, இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளையே ஆறு ஆண்டு நீடித்தபோதும் இதே வழிதான் பின்பற்றப்பட்டது. "மக்கள் 54 விழுக்காட்டுக்கு மேல் ஆம் என்றார்கள்" என்ற நியாயம் அப்போதும் சொல்லப்பட்டது.

கேள்வி: சோழர் காலக் குடவோலை முறையே உலகின் முதல் ஜனநாயகம் என்று பேச்சுப் போட்டியில் சொன்னேன். நடுவர் ஏற்கவில்லை. தாங்கள்? – மாணவி, பம்பலப்பிட்டி

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுக்கும் இந்த முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏதென்ஸ் நகரில் குலுக்கல் முறை இருந்தது. அங்கும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. உத்திரமேரூரிலும் காணியும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதினரான பிராமணச் சபையாருக்கே ஓலையில் பெயர் எழுதும் தகுதி. எனவே நடுவர் சொன்னது தவறில்லை.

ஆனால் நீங்கள் பெருமைப்பட வேறோர் இடம் அதே கல்வெட்டில் இருக்கிறது, அதை அடுத்த மேடையில் சொல்லுங்கள். முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியம் என்ற ஊர்ச்சபைக் குழுவில் இருந்தவர் மீண்டும் வர முடியாது. கணக்குக் காட்டாமல் விட்டவர் வர முடியாததோடு, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே இருந்தவர்கள், அந்த வட்டத்துக்குள் ஒரு குடும்பம் நிலைத்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டிருக்கிறார்கள். குலுக்கல் ஜனநாயகத்துக்கும் தேர்தல் சிலராட்சிக்கும் உரியவை என்று அரிஸ்டாட்டில் கருதியதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

கேள்வி: புரட்சி பேசிய கட்சிகளும் கடைசியில் ஒரு தலைவரின் சொத்தாக ஆவது ஏன்? – வாசகர், தெமட்டகொடை

ரொபர்ட் மிக்கல்ஸ் என்ற சமூகவியலாளர் 1911இல் இதே கேள்வியை ஜேர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியை வைத்து ஆராய்ந்தார். சமத்துவத்தையே கொள்கையாகக் கொண்ட கட்சியிலும், முழுநேர அலுவலர்களும் பத்திரிகையும் நிதியும் சிலரின் கையில் சேர்ந்ததும், அந்தச் சிலர் அகற்ற முடியாதவர்கள் ஆகிவிடுவதை அவர் கண்டார். அதை "சிலராட்சியின் இரும்பு விதி" என்றார். விதி என்று சொல்லிவிட்டால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்றாகிவிடும், அதனால் அந்தப் பெயரை நான் முழுமையாக ஏற்பதில்லை. அவர் காட்டிய காரணங்கள் மட்டும் நம் கண்முன் இருப்பவை.

தேசியப் பட்டியலைப் பாருங்கள். 225 ஆசனங்களுள் 29 அதற்குரியவை; கட்சிகள் தாங்கள் பெற்ற நாடளாவிய வாக்குக்கேற்ப அவற்றுக்கு உறுப்பினரை நேரடியாக நியமிக்கின்றன. தேர்தல் களத்துக்கு வர இயலாத அறிஞர்களுக்கு இடம் தருவதற்கென்று சொல்லப்பட்டாலும், தோற்ற வேட்பாளரையும் அதன் வழியாக அனுப்பச் சட்டம் இடமளிக்கிறது. 2020இல் கொழும்பு மாவட்டத்தில் ஓர் ஆசனமும் பெறாத ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவர் ரணில் விக்கிரமசிங்க, அக்கட்சிக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனத்தால் 2021இல் பாராளுமன்றம் வந்து, 2022 ஜூலை 20 அன்று 134 உறுப்பினர்களின் வாக்கால் ஜனாதிபதியானார். யாப்பின் ஒரு வரியும் மீறப்படவில்லை. தமிழ்க் கட்சிகளும் மலையகக் கட்சிகளும் இதற்கு விலக்கல்ல. பொன்னம்பலம், தொண்டமான் குடும்பங்களின் மூன்று, நான்கு தலைமுறைகளை நாமே பார்த்திருக்கிறோம். தலைமைக்குக் கால எல்லை, வேட்பாளரைக் கிளை உறுப்பினர்கள் இரகசிய வாக்கால் தெரிதல், கட்சிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடல் ஆகிய மூன்றையும் நம் கட்சிகளிடம் கேட்காமல் பாராளுமன்றத்தில் ஜனநாயகத்தை எதிர்பார்ப்பது வீண்.

கேள்வி: 2022இல் காலிமுகத்திடல் போராட்டம், 2024இல் பழைய குடும்பங்களின் தோல்வி. மேட்டுக்குடி ஆட்சி முடிந்துவிட்டதா? – வாசகர், புறக்கோட்டை

ஒரு பகுதி உண்மையிலேயே முடிந்தது. 2024 செப்டெம்பரில் முதற்சுற்றில் 42.31 விழுக்காடு பெற்று, இரண்டாம் விருப்பு வாக்கெண்ணிக்கைக்குப் பின் ஜனாதிபதியான அநுர குமார திசாநாயக்க எந்த அரசியல் குடும்பத்தின் வாரிசும் அல்லர். நவம்பரில் அவருடைய கூட்டணி 159 ஆசனங்களைப் பெற்றது. தம்புத்தேகமவில் வளர்ந்த ஒருவர் அந்தப் பதவிக்கு வர முடிந்ததை நான் மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன்.

ஆளும் மேட்டுக்குடி என்பது குடும்பங்களோடு நின்றுவிடுவதில்லை. புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் தங்கள் தோழர்களின் சம்பளத்தில் 8 விழுக்காடும், முதலாளியின் பங்காக 12 விழுக்காடும் மாதந்தோறும் ஊழியர் சேமலாப நிதிக்குச் செல்கின்றன. நாட்டின் மிகப் பெரிய நிதிகளுள் ஒன்றான அதை மத்திய வங்கியின் சபை முதலீடு செய்கிறது. பணத்துக்குச் சொந்தக்காரரான தொழிலாளருக்கு அந்தச் சபையில் ஒரு பிரதிநிதியும் இல்லை. 2023 ஜூலை 1ஆம் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் தீர்மானம் பாராளுமன்றத்தில் 122க்கு 62 என்ற வாக்கால் நிறைவேறியபோது, சுமையின் பெரும்பகுதி அந்த ஓய்வூதிய நிதிகளின் மீது விழுந்தது. வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகள் (அரசின் கடன் பத்திரங்கள்) விலக்கப்பட்டன. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி செலுத்துகின்றன, வைப்பாளரின் பணத்தைக் காக்க வேண்டும் என்ற காரணங்கள் கூறப்பட்டன. அவற்றில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த முடிவு உருவான அறைகளில் வங்கியாளரும் திறைசேரி அதிகாரிகளும் சர்வதேச நாணய நிதியத்தின் நிபுணர்களும் பேசக்கூடியவர்களாக இருந்தார்கள். சம்பளச் சிட்டையில் கழிவை மட்டும் பார்க்கும் தொழிலாளிக்கு அங்கே குரல் இருக்கவில்லை. ஆட்சி மாறியபின்னும் அந்த ஏற்பாடு மாறவில்லை. புதிய அரசை எடைபோட நான் எடுக்கும் அளவுகோல் இதுவே.

தேர்தலை எப்போது நடத்துவது என்பதும் இன்னும் மேலிருப்போரின் கையில்தான். 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திறைசேரி பணம் தரவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. வாக்களிப்பு நடந்ததோ 2025 மே 6இல். மாகாண சபைகளுக்கோ 2014க்குப் பின் பத்தாண்டுக்கும் மேலாகத் தேர்தலே இல்லை, ஆளுநர்களே நடத்துகிறார்கள்.

கேள்வி: மழை வந்தால் எங்கள் ஒழுங்கை வெள்ளத்தில் மூழ்குகிறது. வடிகான் வேலைக்குப் பணம் ஒதுக்கியதாகச் சொல்கிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. வாக்களித்ததைத் தவிர என்னால் என்ன செய்ய முடியும்? – வாசகி, முகத்துவாரம்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். மாநகர சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கூறத் தேவையில்லை. ஒழுங்கையின் பெயரைக் குறிப்பிட்டு, அந்த வடிகானுக்கு எந்த ஆண்டில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, ஒப்பந்தம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, இதுவரை எவ்வளவு செலுத்தப்பட்டது, வேலையைப் பார்வையிட்டுச் சான்று அளித்தவர் எந்தப் பதவியினர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். கடிதத்தை ஏற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதன் பின் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடம் போகலாம். ஒழுங்கையில் உள்ள ஏனைய வீட்டாரையும் தனித்தனியே ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். கிடைக்கும் பதிலின் பிரதியை உங்கள் வட்டார உறுப்பினரிடம் கொடுத்து, அடுத்த சபைக் கூட்டத்தில் அதை எழுப்பும்படி எழுத்தில் கேளுங்கள்.